மூச்சுப்பெட்டியின் முதல் மரியாதை

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேலப்புதூரில் காற்று நிற்கும்.

ஐந்து நிமிடம் முன்னதாகவே சங்கு ஊதிவிடுவார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு முகமூடியை மாட்டிக்கொள்வார்கள். கைக்குழந்தைகளுக்குத் தாய்மார் மாட்டிவிடுவார்கள். இட்லிக் கொப்பரை அடுப்பைவிட்டு இறங்கும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு பாதியில் நிற்கும். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் புருஷன் பெண்டாட்டிகூட மீதியை அப்புறம் வைத்துக்கொள்வார்கள். சீரிஸ் என்னும் குறுங்கோளின் பனிக்கட்டியைக் குடைந்து, எழுபது ஆள் ஆழத்தில் கட்டிய ஊர் அது. ஊர் நடுவிலிருக்கும் மூச்சுப்பெட்டி எதைக் கலந்து கொடுக்கிறதோ அதுதான் அங்கே காற்று. வாரம் ஒருமுறை பெட்டியை நிறுத்தி, வடிகட்டியைத் தட்டிப்போட்டு, மறுபடி கிளப்ப வேண்டும். கிளம்பும் காற்றில் அளவு பிசகிவிட்டால் ஆளைச் சாய்த்துவிடும்.

ஆகவே முதல் மூச்சை ஒருவர் இழுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான்கு தலைமுறையாக அந்த மரியாதை ஒரே குடும்பத்துக்கு. இப்போது அதன் தலைவர் பிறவிப்பெருமாள். அறுபத்தெட்டு வயதிலும் நிமிர்ந்த முதுகு. சலவை மடிப்புக் கலையாத வேட்டி. மனிதர் குனிந்து எதையும் கீழேயிருந்து எடுத்ததாக ஊரில் சாட்சி கிடையாது.

அவர் பெட்டிமேல் உள்ளங்கையை வைப்பார். பெட்டியின் முன்முகத்தில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருக்கும். அந்தச் சந்தனத்துக்கு அடியில் மஞ்சள் வெளிச்சம் ஒன்று இடமிருந்து வலமாக மெல்ல நகரும். மூன்று நிமிடம். ஊரே மூச்சுச் சத்தம் கேட்காமல் நிற்கும். பிறகு பெட்டி ஒரு பெருமூச்சு விட்டுக் காற்றைத் தள்ளும். பிறவிப்பெருமாள் முகமூடியை எடுத்து, நெஞ்சு நிறைய இழுத்து, "நல்லாயிருக்கு" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் அறுநூற்றுப் பதினோரு முகமூடிகள் கழலும்.

அந்த மூன்று நிமிடத்தில் நகர்வது குலநிரல் என்று ஊர் நம்பியது. பூமியிலிருந்து முதல் கப்பலில் வந்த கனகமுத்து, பிறவிப்பெருமாளின் முப்பாட்டனார், தம் கையால் எழுதிய கணினி நிரல் அது. ஒவ்வொரு மூலக்கூறாகச் சோதித்துப் பார்த்துத்தான் காற்றை வெளியே விடும் என்பார்கள். "எங்க சின்ன வயசுல இம்புட்டு நேரம் நிக்காது. வயசாக வயசாக அதுக்குப் பொறுப்பு கூடிருச்சு" என்று கிழடுகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

பெட்டிக்குள் நகத்தளவில் ஒரு நிரல்வில்லை உண்டு. அதில் இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று பொதுமூச்சு. காற்றைக் கலக்கும் அந்த நிரலைப் பூமியில் யார் யாரோ கூடி எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். மற்றது குலநிரல். அதற்குக் குடும்பத் தலைவரின் கட்டைவிரல் ரேகைதான் பூட்டு. பிறவிப்பெருமாள் அதைத் திறந்ததில்லை. அவருடைய அப்பா கண்மூடும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, "காத்துக்கோ. திறக்காத" என்று சொல்லியிருந்தார்.

இப்படி இருந்த குடும்பத்துக்குச் சிக்கல் வந்தது சீர்வரிசையால்.

மகள் ஆவுடையைப் பல்லாஸ் என்ற குறுங்கோளில் உள்ள கீழப்புதூரில் கட்டிக்கொடுத்தார். சம்பந்தி திரவியம் காளான் பண்ணைக்காரர். சீர்வரிசையில் பாத்திரம் பண்டத்தோடு ஒரு மூச்சுப்பெட்டியும் போயிற்று. வில்லையை அப்படியே பிரதியெடுத்து உள்ளே வைத்து, சந்தனம் பூசி அனுப்பினார். குலநிரலையே மகளோடு அனுப்பிய தகப்பன் என்று ஊர் மெச்சியது. எட்டு மாதம் கழித்துச் சம்பந்தியிடமிருந்து நாலு வரிக் கடிதம் வந்தது. நலம் விசாரித்துவிட்டு, நான்காம் வரியில், வில்லையிலுள்ள இரண்டு நிரல்களின் மூலத்தையும், அதாவது எழுதிய வரிகளை அப்படியே, அனுப்பிவைக்குமாறு கேட்டிருந்தார். பொதுநிரல் உரிமத்தின்படி.

பிறவிப்பெருமாள் அந்த உரிமத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தார். பொதுநிரல் ஊர்க்கிணறு மாதிரி. எவரும் இறைக்கலாம், எப்படியும் பயன்படுத்தலாம், மாற்றியும் எழுதலாம். ஆனால் அதையோ, அதிலிருந்து ஆக்கிய வழிநிரலையோ இன்னொருவருக்குக் கொடுத்தால், அதன் மூலத்தையும் அதே உரிமையையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். வீட்டோடு இருக்கிறவரை அந்த உரிமம் உறங்கும். வாசற்படி தாண்டினால் விழித்துக்கொள்ளும்.

நான்கு தலைமுறையாக உறங்கியதைச் சீர்வரிசை எழுப்பிவிட்டது.

"மாட்டேன்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டார். திரவியம் அந்த உரிமத்தைக் காக்கும் பகிர்வுக் கழகத்துக்கு மனுப் போட்டார்.

கழகத்திலிருந்து மரியபுஷ்பம் என்ற அதிகாரி வந்தார். தூத்துக்குடிக்காரர்களின் பரம்பரை. ஐம்பது வயது, உரத்த குரல். அவரோடு செம்பு உயரத்தில் ஓர் எந்திரம் நான்கு காலில் நடந்து வந்தது. நிரலோடு நிரலை வைத்துப் பார்த்து எது எதன் வழி வந்தது என்று சொல்லும் அதற்கு ஒப்பீட்டான் என்று பெயர். விசாரணை புதன்கிழமை முற்பகல், பிறவிப்பெருமாளின் வீட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. திரவியமும் ஆவுடையும் பதினோரு நாள் சரக்கு ஓடத்தில் வந்திறங்கினார்கள்.

"வாங்க சம்பந்தி. பயணம் சவுகரியமா?" என்றார் பிறவிப்பெருமாள், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே.

"சவுகரியத்துக்கு என்ன? பதினோரு நாளும் உங்க மக மூச்சுப்பெட்டியைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தா. எனக்குத்தான் மூச்சு முட்டிருச்சு."

"சீரை வாங்கி வச்சுக்கிட்டு, அதைப் பிரிச்சுக் காட்டுன்னு கேக்க சம்பந்தியை நான் இப்பத்தான் பாக்கேன்."

"மாமாவைச் சொல்லாதீங்கப்பா. கேக்கச் சொன்னது நாந்தான்" என்றாள் ஆவுடை.

பிறவிப்பெருமாள் மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவருடைய பிடிவாதம் அப்படியே அவளிடம் போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மூணு நிமிஷம் காத்து நிக்குதுல்லாப்பா, அங்க மனுசனுக்கு முகமூடி மாட்டலாம். காளான் வித்துக்கு மாட்ட முடியுமா? ரெண்டு தடவை பாத்தி பாத்தியா அவிஞ்சு போச்சு. ஊர்ல இருநூறு பேருக்கும் அதுதான் சாப்பாடு. வடிகட்டியைத் தட்டிப்போட பத்து விநாடிதான் ஆவுது. மிச்ச நேரத்துல உங்க நிரல் என்னதான் செய்யுதுன்னு தெரிஞ்சா, கொஞ்சம் குறைச்சுக்கிடலாம்னு பாக்கோம்."

"அது குறைக்கக்கூடிய காரியம் இல்ல."

"என்ன காரியம்னு தெரியுமாப்பா?"

அவர் சுவரைப் பார்த்தார். கூடத்துச் சுவரில் கண்ணாடிப் பேழைக்குள் குடும்பத்தின் மற்றொரு பொக்கிஷம் இருந்தது. நாலடி நீளத்தில் வெள்ளைக் கண்ணாடிக் குழாய், இரு முனையிலும் உலோகத் தொப்பி. குழாய் நெடுகச் சிவப்பு மையில் எழுதியிருந்தது: *உபயம்: ஆ. கனகமுத்து குடும்பத்தார்.*

மரியபுஷ்பமும் அதைப் பார்த்தார். "இது என்னது அண்ணாச்சி?"

"பேர்ப்பலகை. பூமியில ஒரு கோயில்ல எங்க முப்பாட்டனார் பேரு தொங்குச்சு. அங்கயிருந்து கொண்டுவந்தது."

"கண்ணாடியிலயா எழுதுவாங்க?"

"அந்தக் காலத்து மரியாதை அப்படி."

மரியபுஷ்பம் தலையாட்டிவிட்டு விசாரணையைத் தொடங்கினார். திரவியம் தம் பக்கத்தைச் சொன்னார். ஒரே வில்லை, ஒரே பெட்டி, ஒரே கை வைத்தால் இரண்டும் ஓடுகிறது. சேர்த்துத்தான் சீராக வந்தது. "ஊர்க்கிணத்துத் தண்ணியில குழம்பு வச்சா, குழம்பும் ஊருக்குத்தானம்மா?"

"குழம்பு வச்சாத்தான?" என்றார் பிறவிப்பெருமாள். "ஊர்க்கிணத்துத் தண்ணிக் குடமும் எங்க வீட்டு நெய்ச்சட்டியும் ஒரே பரண்ல இருக்கு. அதுக்காக நெய் ஊருக்குச் சொந்தமாயிருமா? குடத்துக்கு உள்ள சட்டம் குடத்தோட. பக்கத்துல இருந்த பாவத்துக்குச் சட்டி எதுக்குக் கட்டுப்படணும்?"

"ஆஹா" என்றார் மரியபுஷ்பம். "ரெண்டு பேரும் சட்டத்தைச் சரியாத்தான் சொல்லுதீங்க. உரிமத்துலயும் அதுதான் இருக்கு. குலநிரல்ல பொதுமூச்சோட வரி ஏதாவது கலந்திருக்கா? இல்ல, ரெண்டும் ஒண்ணையொண்ணு உள்ள கூப்பிட்டு, ஒரே உடம்பா வேலை பாக்குதா? அப்படின்னா அது வழிநிரல், திறந்தே ஆவணும். சும்மா பக்கத்துல பக்கத்துல கிடக்குன்னா அது உடனுறைவு. அதைத் திறக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. குழம்பா, பரணான்னு பாத்துச் சொல்லத்தான் இவன் வந்திருக்கான்."

ஒப்பீட்டான் இரண்டடி முன்னால் வந்து நின்றது.

"இவன் பாத்தா வெளிய சொல்லிருவானே" என்றார் பிறவிப்பெருமாள்.

"தீர்ப்பை மட்டுந்தான் எல்லாருக்கும் சொல்லுவான். முழு அறிக்கை உடையவருக்கு மட்டும். அது சட்டம்."

பிறவிப்பெருமாள் கட்டைவிரலை நீட்டினார். மூலம் வெளியே போனால் எவன் வேண்டுமானாலும் குலநிரலைப் பிரதியெடுப்பான். முதல் மூச்சுக்கு அப்புறம் என்ன மதிப்பு? அந்தப் பயம் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் நெஞ்சுக்குள் கிடந்தது வேறொன்று. அப்பா ஏன் திறக்காதே என்றார்? முப்பாட்டனார் ஒருவேளை பொதுமூச்சிலிருந்து நாலு வரியை உருவி, தம்முடையது என்று பூட்டி வைத்திருந்தால்? அப்படியானால் இந்தக் குடும்பம் நான்கு தலைமுறையாக ஊர்க்கிணற்றுத் தண்ணீரை நெய் என்று சொல்லி மரியாதை வாங்கியிருக்கிறது. அதைச் சம்பந்தியின் முன்னால், பெற்ற மகளின் முன்னால், ஓர் எந்திரம் சொல்லப்போகிறது.

விரல் பதிந்தது. ஒப்பீட்டானின் கழுத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு தும்மல் போடும் நேரம்கூட ஆகவில்லை.

"முடிந்தது" என்றது அது.

"அதுக்குள்ளயா?" என்றார் திரவியம்.

"இரண்டு நிரல்களுக்கும் பொதுவான வரி ஒன்றுகூட இல்லை. ஒன்று மற்றொன்றை அழைப்பதில்லை. குலநிரல் ஓடி முடிந்த பின்னரே பொதுமூச்சு தொடங்குகிறது. குலநிரல் முற்றிலும் கனகமுத்துவின் சொந்த ஆக்கம். இது உடனுறைவு மட்டுமே. வழிநிரல் அன்று. திறக்க வேண்டிய கடமை இல்லை."

பிறவிப்பெருமாளுக்குக் காதில் இரண்டு வார்த்தைதான் விழுந்தது. சொந்த ஆக்கம். முப்பாட்டனார் திருடவில்லை. கடிதம் வந்த நாளிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கியது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு பாக்கி" என்றார் மரியபுஷ்பம். "பொதுமூச்சை நீங்க கொடுத்தீங்கல்லா, அதோட மூலத்தையும் உரிமத்தையும் அதை எழுதினவங்க பட்டியலையும் சேர்த்துக் கொடுத்திருக்கணும். நாலாயிரத்து எழுபது பேரு."

"அம்புட்டுப் பேரா? எங்க எழுதி ஒட்டுறது?"

"ஒட்ட வேண்டாம். வில்லையிலயே ஒரு மூலையில கிடக்கு. யாரும் பாக்குறதில்ல. கேட்டா கொடுத்தாப் போதும்."

"கொடுக்கேன்" என்றார் தாராளமாக. தோற்றவருக்கு எதையாவது கொடுத்தனுப்புவது அவர் வீட்டு வழக்கம்.

ஆனால் தோற்ற முகம் யாருக்கும் இல்லை. ஆவுடை மாமனாரைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பச் சரியாப் போச்சுல்லா மாமா. ரெண்டும் வேற வேறன்னு ஆயிருச்சு. பொதுமூச்சை மட்டும் வேற வில்லையில ஏத்திக்கிடலாம். குலநிரல் பூட்டுனபடிக்கு அப்பாகிட்டயே இருக்கட்டும். பத்தே விநாடியில பெட்டி கிளம்பிரும்."

பிறவிப்பெருமாள் எழுந்துவிட்டார். "ஏட்டி, விளையாடுதியா? குலநிரல் இல்லாம வாற காத்தை யாரு சோதிக்கது? முதல் மூச்சை நீதான் இழுக்கப் போற!"

"நீங்கதானப்பா சொன்னீங்க? குடம் வேற, சட்டி வேறன்னு."

"அது கோர்ட்டுக்குச் சொன்னது!"

"இது கோர்ட்டுத்தான் சம்பந்தி" என்றார் திரவியம், மெதுவாக.

பிறவிப்பெருமாள் அறிக்கையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். காற்றின் சூட்சுமம் ஏதேனும் அதில் இருந்தால், மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு மகளுக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைவிட மகளின் நுரையீரல் பெரிது. அந்த முடிவுக்கு வர அவருக்குக் கதவிலிருந்து கட்டில்வரை நடக்கிற நேரம்தான் தேவைப்பட்டது.

அறிக்கை ஒரே பக்கம். குலநிரல் காற்றைத் தொடுவதில்லை என்றது முதல் வரி. அது பெட்டியின் முன்முகக் கண்ணாடியில் எழுத்துகளை ஓடவிடும் நிரல். ஓடி முடியும்வரை பெட்டியைக் காத்திருக்கச் செய்யும் என்றது இரண்டாம் வரி. கீழே அந்த எழுத்துகள் முழுமையாகத் தரப்பட்டிருந்தன.

*இந்தக் காற்று உபயம்: ஆ. கனகமுத்து குடும்பத்தார்.*

இது நாற்பது விநாடி. அதன் பிறகு கனகமுத்துவின் பட்டங்கள். அவை முடிந்ததும் வேறொரு தேதியில் சேர்க்கப்பட்ட வரி, பாட்டனார் பெயரும் அவர் வகித்த பதவிகளும். கடைசியில் பிறவிப்பெருமாளின் அப்பா. தம் பெயருக்கு முன்னால் "கொடைவள்ளல்" என்று போட்டிருந்தார். சேர்த்த தேதி, கண்மூடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால். மொத்தம் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி.

ஒவ்வொருவரும் திறந்திருக்கிறார்கள். திறந்து, ஒரு வரி சேர்த்து, பூட்டி, மகனிடம் திறக்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்து ஓடும் கண்ணாடிமேல் எவரோ பக்தியோடு சந்தனம் பூசிவிட்டதால் ஊரில் ஒரு தலைமுறையும் அதைப் படித்ததில்லை.

பிறவிப்பெருமாள் அதை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு, தம்மையறியாமல், சிரித்தார். மகள் மூச்சு முட்டிச் சாகப்போவதில்லை. முப்பாட்டனார் திருடர் இல்லை. இந்தத் தாளை அவரைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. உடனுறைவுதான், வழிநிரல் அன்று: சட்டமே சொல்லிவிட்டது. ஒரு மனிதருக்கு ஒரே முற்பகலில் இதற்குமேல் என்ன நிம்மதி வேண்டும்?

அறிக்கையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

"படிச்சுட்டேன். பல்லாஸ் காத்துக்குக் குலநிரல் தேவைப்படாது. பொதுமூச்சு மட்டும் போதும். தாராளமா எடுத்துக்கோ."

ஆவுடை சந்தேகமாகப் பார்த்தாள். "நெசமாவாப்பா? பயமில்லையே?"

"நான் சொல்லுதேன்லா."

"அப்ப இங்க மட்டும் அது எதுக்காம் சம்பந்தி?" என்றார் திரவியம்.

"இது பெரிய ஊரு" என்றார் பிறவிப்பெருமாள். "இங்க அது வேணும்."

சம்பந்திகள் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆவுடை அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதாள். இத்தனை மாதத்து அழுகை. மரியபுஷ்பம் இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வாசலுக்குப் போன ஒப்பீட்டான் திரும்பி வந்து கண்ணாடிப் பேழையின் முன்னால் நின்றது. சும்மா இருக்கும் நேரத்தில் கண்ணில் படுவதையெல்லாம் ஒப்பிடுவது அதன் சுபாவம்.

"இது பெயர்ப்பலகை அன்று" என்றது. "விளக்கு. எழுத்து மறைத்ததுபோக ஒளி வெளிவரும் பரப்பு, நூற்றுக்கு நாற்பத்தொன்று."

"வெளக்கா?" என்றார் மரியபுஷ்பம். "வெளக்கு மேல எதுக்கு எழுதுவாங்க? வெளிச்சம் எப்படி வரும்?"

யாருக்கும் விடை தெரியவில்லை. பிறவிப்பெருமாளுக்கு மட்டும் தெரிந்தது. அவர் எந்திரத்தைப் பார்த்து, "அதுக்கு என்ன தெரியும்? போகச் சொல்லுங்கம்மா, ஓடத்துக்கு நேரமாச்சு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை சங்கு ஊதியது. இட்லிக் கொப்பரை இறங்கியது. வாய்ப்பாடு பாதியில் நின்றது. பிறவிப்பெருமாள் சலவை வேட்டியில் வந்து, பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். சந்தனத்துக்குள் மஞ்சள் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. அறுநூற்றுப் பதினோரு பேரும் முகமூடிக்குள் காத்து நின்றார்கள். அதே வில்லையின் ஒரு மூலையில் பொதுமூச்சை எழுதிய நாலாயிரத்து எழுபது பேரின் பெயர்களும் கிடந்தன. அவை எவரையும் ஒரு விநாடிகூடக் காக்கவைக்கவில்லை.

மூன்று நிமிடம் ஆயிற்று. காற்று வரவில்லை.

கூட்டத்தில் ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்தார். ஒருத்தி பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். பிறவிப்பெருமாள் மட்டும் அசையாமல், முதுகு வளையாமல், உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு நின்றார். ஏழு. எட்டு. ஒன்பது.

பெட்டி பெருமூச்சு விட்டது. அவர் முகமூடியை எடுத்து நெஞ்சு நிறைய இழுத்தார்.

"நல்லாயிருக்கு" என்றார்.

முகமூடிகள் கழன்றன. "ஒம்போது விநாடி கூடியிருக்கே" என்றார் கிழவர், பக்கத்திலிருந்தவரிடம், கண் கலங்க. "வயசாக வயசாக என்னமாப் பாத்துப் பாத்துச் செய்யுது!"